பத்தரைக்கு முன் ஒரு தீர்ப்பு

போன் அலறியது!

காலை ஒன்பது ஐம்பது. கோர்ட்டின் பின்னறையில் நீதிபதி கறுப்பு அங்கிக்குள் ஒரு கையைத்தான் நுழைத்திருந்தாள்.

"மேடம்... உங்களைத் தூக்கியடிச்சிட்டாங்க. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் பத்தரைக்கு உங்க கைக்கு வந்துடும்."

"யாரு பேசறது?"

"உங்களுக்கு வேண்டியவன்."

டொக்!

லாக்கப்பில் ஒரு டிரைவரை அடித்தே கொன்ற வழக்கு. கூண்டில் நிற்கும் இன்ஸ்பெக்டர் மந்திரியின் மச்சான். இதை விசாரித்த முதல் இரண்டு நீதிபதிகளும் தண்ணியில்லாக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. இவள் மூன்றாவது. ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் தீர்ப்பு சொல்ல முடியாது!

"கிளார்க்! பத்துக்கே வழக்கைக் கூப்பிடுங்க!"

"தீர்ப்பு எழுபது பக்கம்மா..."

"கடைசிப் பக்கம் போதும்!"

இன்ஸ்பெக்டர் கூண்டில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். முன் பெஞ்சில் செத்தவனின் தாய்.

"குற்றம் நிரூபணமானது. ஆயுள் தண்டனை!"

கையெழுத்தும் போட்டாள். மணி பத்து பதினாலு.

ஜெயித்துவிட்டாள்!

தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டரின் வக்கீல் சாவகாசமாக எழுந்து ஒரு தாளை நீட்டினார்.

"உங்க ஆர்டர் நேத்து சாயங்காலமே வீட்ல சேர்ந்தாச்சு மேடம். குடும்பத்துல யார் வாங்கினாலும் நீங்க வாங்கின மாதிரிதான்."

கீழே ஒரு கையெழுத்து... அவள் கணவனுடையது!

அங்கேயே அவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க... நேத்து எதுல கையெழுத்துப் போட்டீங்க?"

"பாப்பாவோட கிளாஸ், ஸ்கூல் பஸ் நம்பர்னு எல்லாத்தையும் ஒப்பிச்சாங்கம்மா... பத்தரை வரைக்கும் உன்கிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னாங்க... நான் என்ன பண்ணுவேன்?"

மறுமுனையில் அழுகை. அவளுக்குத் திட்டக்கூட மனம் வரவில்லை.

"அப்போ இந்தத் தீர்ப்பு?" கிளார்க் இழுத்தார்.

"செல்லாது." வக்கீல் மேடையருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆர்டர் வாங்கிட்டுத் தீர்ப்பு சொன்னா வேலையும் போயிடும் மேடம். வெறுமனே மாத்தினா, போற ஊர்லயும் இதையேதானே செய்வீங்க? அதான் உங்களை அவசரப்பட வைக்கக் காலையில நம்ம ஆளே போன் பண்ணினான்!"

"அம்மா..." தாய் எழுந்து நின்றாள். "அப்போ என் புள்ளைக்கு?"

நீதிபதியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் கூண்டிலிருந்து இறங்கினான். மேடைக்கு முன்னால் வந்து, பவ்யமாகக் கைகட்டிக்கொண்டான்.

"எந்திரிங்க மேடம்... அது நீதிபதி உட்கார்ற இடம்!"