அழிக்காமல் விட்ட இடைவெளி

இசைத்தட்டுக் கடை ஒரு செருப்புக் கடைக்குக் கீழே இருந்தது. படி இறங்கும்போதே பழைய அட்டையும் ஈரச் சுவரும் கலந்த வாடை வந்தது. இரண்டு நாள் விடுப்பில் நகரத்துக்கு வந்திருந்த அக்காவுக்கு அந்த வாடையே பிடித்திருந்தது. பகலில் இசைத்தட்டு வேட்டை, சாயங்காலம் ராக் கச்சேரி. கச்சேரியில் பாடப்போகிறவர்களில் ஒருத்தி அவள் தங்கை.

ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிப்பது அக்காவின் வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் காதுக்கு மெல்லிய ஒலிகளை அனுப்பி, "கேட்குதா?" என்று கேட்பாள். கேட்காததைக் கேட்டதாகத் தலையாட்டுபவர்கள் நிறைய. அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. இல்லாத ஒன்றை இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டிவிடலாம் என்று அவளுக்கும் தெரியும்.

"பெட்டி நிறைய வாங்கிடாதேக்கா. போன தடவை நான்தான் சுமந்தேன்."

"சுமந்ததைவிடப் புலம்பினதுதான் அதிகம்."

தங்கை சிரித்தாள். ஆனால் அவள் கை இசைத்தட்டுகளைத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு அட்டையையும் படிக்கவில்லை.

"என்னடி, காலைல இருந்து மூஞ்சி சரியில்ல?"

"இன்னைக்கு எனக்கு செத்த மைக்கு."

"அப்படின்னா?"

"வாயசைச்சா போதுமாம். புது ஆல்பத்துல நான் பாடினதை அழிச்சுட்டு ராஜாளியே பாடிட்டாரு. மேடையில நான் நின்னா பாக்க நல்லா இருக்கும்னு சொன்னாரு."

ராஜாளி என்பது அந்தக் குழுவின் பாடகனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர். தலை நரைத்தும் அந்தப் பெயர் நரைக்கவில்லை.

"அது உன் பாட்டுடி. மெட்டு உன்னது, வரி உன்னது. அதுக்காகத்தானே பேங்க் வேலையை விட்டே?"

"கத்தாதேக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்தது கடைக்கார அம்மாள் மட்டும்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அவன் இன்னும் திருந்தலையா?" என்றாள்.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று தங்கை கிளம்பினாள். படியேறும்போது அவள் தொண்டையைத் தடவிக்கொண்டது அக்காவை என்னவோ செய்தது. அழிப்பது என்று சொல்கிறார்கள், துடைப்பதைப் போல. ஒருத்தி மூச்சைப் பிடித்து, வயிற்றிலிருந்து எடுத்து, நடுங்கி நடுங்கிக் கொடுத்ததை.

கடைக்கார அம்மாள் பின்னறையிலிருந்து ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்தாள்.

"ராஜாளியோட முதல் தட்டு. விக்கறதுக்கு இல்லம்மா. கேட்டுட்டுக் குடுத்துடுங்க. இதை முதல்ல பாடினது அவன் இல்ல, ஒரு பொண்ணு. எங்கண்ணன் அந்த ஸ்டுடியோவுல டேப் ஓட்டினவன். அவ குரலை அழிச்சுட்டு அதுமேல தானே பாடணும்னு ராஜாளி ஒத்தக்கால்ல நின்னான். அண்ணனுக்கு அவசரம். அவ பாடின இடத்தை மட்டும் அழிச்சான். வரிக்கும் வரிக்கும் நடுவுல இருந்த இடைவெளியை அப்படியே விட்டுட்டான்."

"இடைவெளியில என்ன இருக்கப்போகுது?"

"டேப்பைச் சுருட்டி வச்சா ஒரு சுத்துல இருக்கறது பக்கத்துச் சுத்துல லேசா ஏறிக்கும். ஈரத்துணி சாயம் ஒட்டற மாதிரி. அப்படி அவ குரல் அந்த இடைவெளியில ஏறிக்கிச்சு."

"அந்தப் பொண்ணு?"

"தட்டு வெளியான அன்னைக்கு ஸ்டுடியோ மாடிக்குப் போனா." அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "இறங்கி வரல. விழுந்தா."

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஊசி இறங்கியது. கரகரப்பு. கிதார். பிறகு ராஜாளியின் இளவயதுக் குரல், முரட்டுத்தனமாக, அழகாக. அதில் ஒன்றும் இல்லை.

அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், அது இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவது போல. ஒரு பெண். அவன் அடுத்துப் பாடப்போகும் வரியை அவனுக்கு முன்பே பாடினாள். அவன் தொடங்கியதும் மறைந்தாள். அவன் நிறுத்தியதும் வந்தாள். அவன் பாடிய ஒவ்வொரு வரியும் அவளிடமிருந்து பிடுங்கியது போலவே ஒலித்தது.

பாட்டு முடிந்தது. ஊசி வெற்றுத் தடத்தில் சுற்றியது.

"கேட்குதா?"

வேலையில் அவள் தினமும் கேட்கும் அதே கேள்வி, இப்போது ஹெட்போனுக்குள்ளிருந்து. யோசிக்காமல் பதில் வந்துவிட்டது.

"கேட்குது."

"பாடட்டுமா?"

காது மடல்கள் சில்லிட்டன. பயந்திருக்க வேண்டும். ஆனால் தொண்டையைத் தடவிக்கொண்டு படியேறிய தங்கைதான் கண்ணில் நின்றாள்.

"பாடு," என்றாள் அக்கா. "வாயை அடைக்கறவனை விடாதே."

ஹெட்போனைக் கழற்றியபோது கடைக்கார அம்மாளின் முகம் வெளுத்திருந்தது.

"யார்கிட்ட பேசினீங்க? அது கேட்டா பதில் சொல்லக்கூடாதும்மா."

"அதை நீங்க முன்னாடியே சொல்லலையே."

"இதுவரைக்கும் யார்கிட்டயும் அது கேட்டதில்ல. அண்ணன்கிட்ட மட்டும்தான்."

அண்ணன் இப்போது எங்கே என்று அக்கா கேட்கவில்லை.

அரங்கத்தில், மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒலிப்பலகைக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. வேர்வையும் புகையும் சூடேறிய வயர்களின் நெடியும். மேடையில் ராஜாளி கையை உயர்த்தினான், கூட்டம் அலறியது. அவனுக்கு ஓரடி பின்னால் தங்கை, செத்த மைக்கின் முன்.

அவன் வாய் திறப்பதற்கு முன் ஒரு பெண் குரல் முதல் வரியைப் பாடியது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. தங்கையின் பாட்டென்றே நினைத்தார்கள். ஆனால் அவள் உதடுகள் அசையவே இல்லை. ராஜாளி திரும்பி அவளை முறைத்தான். அடுத்த வரியை முந்திக்கொண்டு எடுத்தான். குரல் அவனுக்கும் முந்தியது.

"அந்த மைக்கை மூடுய்யா!" யாரோ கத்தினார்கள்.

"மூடறதா?" ஒலிப்பலகைக்காரர் ஒரு வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினார். "பிடுங்கியே வச்சிருக்கேன்."

ராஜாளி வேகமெடுத்தான். தாளம் சிதறியது. டிரம் அடிப்பவர் கைவிட்டார். கிதாரும் நின்றது. அவன் மூச்சே வாங்காமல் பாடினான். இடைவெளி விட்டால் அவள் வந்துவிடுவாள் என்று தெரிந்தவன் போல, ஒரு வரியை இன்னொரு வரிமேல் திணித்தான். முகம் சிவந்து, கறுத்தது.

மனிதனால் எவ்வளவு நேரம் மூச்சு வாங்காமல் பாட முடியும்?

நிறுத்தினான்.

அந்த இடைவெளியில் அவள் முழுப்பாட்டையும் பாடினாள்.

அவன் மண்டியிட்டு வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான். காற்றுகூட வரவில்லை. கூட்டம் அதையும் நடிப்பென்று கைதட்டியது.

அக்கா தனக்குள் இரக்கத்தைத் தேடிப் பார்த்தாள். இல்லை. இருந்தது ஒரு நிறைவு, வெந்நீர் போலக் கதகதப்பாக. அதைக் கண்டுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனபின் தங்கை முன்னால் வந்தாள். தன் பாட்டைப் பாடினாள். வயர் பிடுங்கிய மைக்கில் அது அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

மறுநாள் பகல் பேருந்தில் அக்காவும் தங்கையும் ஊர் திரும்பினார்கள். ராஜாளியின் தொண்டையில் ஒரு குறையும் இல்லையென்று டாக்டர்கள் சொன்னதாகவும், ஆனால் குரல் மட்டும் இல்லையென்றும் தங்கை செய்தியைப் படித்துக் காட்டினாள்.

"பாவம்தான்க்கா. ஆனா எனக்கு அழுகை வரல."

"தூங்குடி."

தங்கை ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். வெயில் அவள் கன்னத்தில் ஏறி இறங்கியது. இனி இவளை யாரும் அழிக்க முடியாது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்து பணிவாகக் குனிந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சியைப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க. பின்னால குழந்தைங்க தூங்குது."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கையின் வாய் இறுக மூடியிருந்தது. கழுத்தில் மட்டும், தோலுக்கடியில், ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது.

"அவ பாடலையே," என்றாள்.

"கேட்குதுங்களே." கண்டக்டர் சிரித்துவிட்டு முன்னால் போனார். அடுத்த நிறுத்தம் வந்துகொண்டிருந்தது. ஊர்ப் பேரைச் சொல்லக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

வாயைத் திறந்தார்.

மூடினார். மறுபடியும் திறந்தார். அவர் கை மெல்லத் தொண்டைக்குப் போனது.

ஒரு பயணி சிரித்தார். "என்னண்ணே, ஊர் பேரு மறந்துபோச்சா?"

அக்கா தங்கையின் தோளை உலுக்கினாள். நிறுத்து என்று சொல்ல வேண்டும். போதும், இனிமேல் பாடாதே, இவளை விட்டுவிடு என்று சொல்ல வேண்டும். சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. வாயை அடைக்கறவனை விடாதே என்று நேற்று தானே சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது.

தங்கை கண் விழித்தாள். தூக்கக் கலக்கமே இல்லாத கண்கள்.

"என்னக்கா? ஏதோ சொல்ல வந்தியே?"

அக்கா உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இல்லையென்று தலையாட்டினாள்.