பிரிட்டோவின் நெற்றிக் கறை

2008 மார்ச் 9, ஞாயிறு, மாலை 4.10. அஸ்தினாபுரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேதசிரோமணி, மனைவி மரியபுஷ்பம், உயரம் தாண்டுதலில் மாநிலச் சாம்பியனான மகன் பிரிட்டோ, மகள் செலின், தாம்பரத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் பிரிட்டோவின் நண்பன் தௌசிப்.

மேஜையில் ஒரு பிரிண்ட் அவுட். தாண்டுகிறவர்கள் விழும் மெத்தையில் பிரிட்டோ வாய் பிளந்து தூங்குகிறான். நெற்றியில் கறை. கீழே ஒரு வரி: "தாண்டச் சொன்னா தூங்குறான்!"

பிப்ரவரி 24 போட்டியில் அவன் மூன்று முறையும் கம்பியைத் தட்டிவிட்டான். மறுநாள் ஆர்குட் இணையதளத்தில் இந்தப் படம். ஒரே வாரத்தில், அடுத்தடுத்து வந்த ஒட்டுப்படங்களில், அவன் தாம்பரம் மேம்பாலத்தில் தூங்கினான். பள்ளிக்கரணைச் சதுப்பில் எருமைகளுக்கு நடுவே தூங்கினான். யாரோ ஒருவரின் கல்யாண மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் தூங்கினான். பயிற்சிக்குப் போனால் காலரியிலிருந்து தாலாட்டு. போவதையே நிறுத்திவிட்டான்.

செய்தது தௌசிப்தான் என்று தெருவே கேட்கச் சொன்னவர் வேதசிரோமணி. பிரிட்டோவும் நம்பினான். பள்ளி நாளிலிருந்து அவனுக்கு இருந்தது இந்த ஒரு நண்பன்தான். இரண்டு வாரமாகப் பேச்சில்லை. இன்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதாக வீட்டில் சொல்லித்தான் பெரியவர் தௌசிப்பை வரவழைத்திருந்தார்.

"படத்தை வெட்டி ஒட்டுற வேலை உன் கடையில உண்டா?"

"உண்டு அங்கிள். பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கோட் மாட்டிவிடுவேன். ஃப்ரெண்டுக்கு மெத்தை போட்டதில்ல."

"மைதானத்துல இருந்தியா?"

"இருந்தேன். கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. அவன் எங்க தூங்கினான்? கம்பி விழுந்ததும் எழுந்து போயிட்டானே."

வேதசிரோமணி பழைய வழக்கப்படி பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இது என்ன கறை?"

"மண்ணுப்பா," என்றாள் செலின், யாரும் அவளைக் கேட்காமலே.

ரெக்சின் போர்த்திய மெத்தையில் மண் ஏது? நெடுக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. கட்டைவிரல் அகலம். அவர் கண்ணாடியைக் கீழே வைக்க வெகு நேரமாயிற்று.

"பிப்ரவரி ஆறாம் தேதி எங்க இருந்தே?"

"வாணியம்பாடியில, அக்கா கல்யாணம். ஒரு வாரம் இங்க இல்ல. பிரியாணி அனுப்பட்டுமான்னு போன்ல இவனைக் கேட்டேன். இன்னிக்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான், வெறுப்பேத்தாதடா மச்சான்னான்."

"ஆமா," என்றான் பிரிட்டோ. அன்று அவன் பேசிய முதல் சொல்.

4.35. பெரியவர் எழுந்து நின்றார்.

"இது பிப்ரவரி ஆறு, சாம்பல் புதன் அன்னிக்கு, சர்ச்சுல சாமியார் சாம்பலால நெத்தியில போட்ட சிலுவை. சாயங்கால ஜெபம் வரைக்கும் அழிக்கக் கூடாதுங்கறது இந்த வீட்டுச் சட்டம். மத்தியானம் இந்த பெஞ்சுல தூங்கினவனை வெட்டி மெத்தையில ஒட்டியிருக்காங்க. அன்னிக்கு வீட்ல நாலே பேர். உங்கம்மாவுக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது. என்கிட்ட செல்போனே இல்ல. செலின்!"

செலின் அழுதாள். "போட்டோ மட்டும்தான்ப்பா நான். ஆபீஸ் பொண்ணுங்களுக்குச் சிரிக்க அனுப்பினேன். இவன் தோத்ததும் யாரோ மெத்தையில ஒட்டிட்டாங்க."

"அந்த வரி?"

"மெயில்ல நான் எழுதினதுதான். ஆனா அன்னிக்கு இவன் தலைமாட்டுல நின்னு அதைச் சொன்னது யாருப்பா?"

வேதசிரோமணி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுக்கப் பதினைந்து நாளாகச் சொல்லிச் சிரித்தது அவருடைய வாக்கியத்தை.

"உங்க சத்தத்துல முழிச்சிட்டேன்ப்பா," என்றான் பிரிட்டோ. "கண்ணைத் திறக்கல. நீங்க சொன்னதை இவன் ஊர்லேர்ந்து வந்ததும் இவன்கிட்ட மட்டும்தான் சொல்லி அழுதேன். அதான், இவன்தான்னு நினைச்சேன்."

தௌசிப் அவன் பக்கம் திரும்பினான். "நீயுமாடா?" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பிரிட்டோ தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மரியபுஷ்பம் வைத்த காப்பி ஐந்து டம்ளரிலும் ஆறியது.

தௌசிப் வந்து பெரியவர் காலில் விழுந்தான், அவரும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். தௌசிப் அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் கடையில், ஆட்கள் பார்க்க, நின்றபடியே மன்னிப்புக் கேட்டவர் வேதசிரோமணி. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் யாருடைய பாஸ்போர்ட் போட்டோவுக்கோ கோட் மாட்டிக்கொண்டிருந்தான்.