உப்புத் தண்ணீரும் பீர்க்கம்பூவும்

"இன்னாண்ணா இது... செடியா, வெறகா?"

இலை கருகித் துவண்டுபோன கத்திரிச் செடியைப் பையோடு தூக்கி மேசைமேல் வைத்தாள் கலைமதி. படப்பை சாலையோர நர்சரியின் சொந்தக்காரர் பலராமன், செடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"நல்ல செடியாத்தானம்மா குடுத்தேன்..."

"இது மூணாவது. போன மாசம் ரோஜா. அதுக்கு முந்தி பச்சமொளகா. எங்க லைன்ல ஒரே குறை மூணு தபா வந்துச்சுனா லைனையே நிறுத்திடுவோம், தெரியுமா?"

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். காலை ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், செடியைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. ஒரு பொருள் சரியில்லை, திருப்பிக் கொடுக்கிறாள்... அவ்வளவுதான். எதையும் அப்படித்தான் பார்ப்பாள், இந்த இரண்டு வருடமாக.

"செடி மேல தப்பு இல்லக்கா..."

பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினாள்.

செம்பருத்தித் தொட்டிகளுக்கு நடுவில் ஒருவன் நின்றிருந்தான். வேறு ஏதோ கம்பெனியின் நீலச் சட்டை. பாதி தூக்கத்தில் எழுந்து வந்த மாதிரி கண்கள்... ஆனால் பார்த்ததை விடாத கண்கள். அவள் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு ஒதுக்கிவைத்தாள்.

"அக்காவா? யாருக்கு யாரு அக்கா?"

"சரி, அக்கா இல்ல." அவன் அவசரமாக ஒப்புக்கொண்டான். "ஆனா தப்பு செடில இல்ல. எலைய பாருங்க... ஓரம் மட்டும் கருகியிருக்கு. நடுவுல பச்சையா நிக்கு. வேருக்கு உப்பு போயிருக்கு. நீங்க ஊத்துத தண்ணிதான் சரியில்ல."

"நான் ஊத்துற தண்ணியா?"

"மண்ணு மேல வெள்ளையா பூத்திருக்கு பாருங்க..."

பூத்திருந்தது. பையின் விளிம்பில், சுண்ணாம்பு தடவியதுபோல. தினமும் பார்த்ததுதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மழை வந்தது. ஆகஸ்ட் மாதத்துச் சாயங்கால மழை... சொல்லாமல் வந்து சடசடவென்று கொட்டுகிற மழை. மூன்று பேரும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். பலராமன் விதைப் பொட்டலங்களைக் காப்பாற்ற உள்ளே ஓடினார். அவனும் அவளும் ஒரே கூரைக்கு அடியில், இரண்டு முழ தூரத்தில். அவன் நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி இமையில் நின்றது. துடைக்காமல் அவன் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க வூட்ல எத்தன செடி வச்சினு கீறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. ரூம்ல ஆறு பேரு. சன்னல்கூட ஒண்ணுதான்."

"ஒரு செடிகூட வளக்காதவரு எனக்கு பாடம் எடுக்க வந்துட்டாரு..."

சொல்லி முடித்ததும் அவன் முகம் ஒரு நொடி வாடியதைப் பார்த்தாள். அவள் மழையிலேயே இறங்கி ஸ்கூட்டியை எடுத்தாள்.

வடக்குப்பட்டில் அவள் வீட்டு மொட்டை மாடியில் நாற்பது செடிப்பைகள் இருந்தன. கத்திரி, வெண்டை, பீர்க்கை, தூதுவளை, நாலு ரோஜா. வீட்டில் அவளும் அம்மா முனியம்மாளும் மட்டும்தான். ஒவ்வொரு பையிலும் ஒரு ஸ்டிக்கர். நன்றாக இருந்தால் பச்சை. தேறாது என்றால் சிவப்பு. இப்போது பாதிக்குமேல் சிவப்பு.

மாடிப்படி ஓரத்தில் ஒரு பக்கெட். சமையலறை ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதில் வந்து விழும். வீணாக்கக் கூடாது என்று எட்டு மாதமாக அதைத்தான் செடிகளுக்கு ஊற்றினாள். குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் எங்கே போகும்? அந்தப் பக்கெட்டுக்குத்தானே...

யோசித்தாள். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஒப்புக்கொள்ளாமல் இருக்கவும் அவள் வேலை விடவில்லை. எட்டுப் பைகளைத் தனியாக எடுத்து வைத்தாள். நாலுக்கு மழைத்தண்ணீர். நாலுக்குப் பழைய தண்ணீர். பதினைந்து நாள்.

பதினாறாம் நாள் காலையில் மழைத்தண்ணீர்ச் செடிகளில் புதுத் துளிர்... ஓரத்தில் ஒரு கருகல் இல்லை.

"சே!" என்றாள் கலைமதி, சத்தமாக.

பலராமனிடம் விசாரித்தாள். "அந்த சங்கரன்கோயில் புள்ளயா? மாரிசெல்வம். ஞாயித்துக்கிழம ஆனா வந்துருவான். ஒண்ணும் வாங்க மாட்டான். செடிங்கள சும்மா பாத்துகினு நிப்பான். கம்பெனில தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட்ல வேல அவனுக்கு..."

ஞாயிற்றுக்கிழமை அவன் அதே செம்பருத்திகளுக்கு நடுவில் நின்றிருந்தான். அவள் போனை நீட்டினாள். எட்டுப் பைகளின் படம்.

"சோதன பண்ணிப் பாத்தேன். நாலுக்கு நாலு."

அவன் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் மெதுவாக மலர்ந்தது. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

"நாலு பைய பழைய தண்ணியிலேயே விட்டிருக்கிய பாருங்க... எங்க பிளாண்ட்லகூட இப்படி யாரும் செய்ய மாட்டாங்க" என்றான்.

"அன்னைக்கு நான் பேசுனது..."

"விடுங்க. உண்மதானே? எனக்கு வைக்க எடம் இல்ல."

அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது அவளை என்னவோ செய்தது. "எங்க மாடில நாப்பது பை கீது. இருவத்திரெண்டு சிவப்பு. வந்து பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு வந்தான். தண்ணீரில் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு மீட்டர் சட்டைப் பையில். பக்கெட் தண்ணீரில் முக்கினான், அதில் ஏறிய அளவைப் பார்த்தான், அவளிடம் நீட்டினான். இருவருமாக மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். அடைத்துப்போயிருந்த பை ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்தார்கள். பிடித்து வைத்த மழைத்தண்ணீரை அடியில் ஒழுகும்வரை ஊற்றி உப்பைக் கழுவினார்கள். முனியம்மாள் டீ கொண்டுவந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

எல்லாவற்றிலும் அவன் சொன்னது சரி என்று இல்லை. ஒரு ரோஜாவில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து உச்சிவெயிலில் அடித்தான். மறுவாரம் பூச்சி போயிருந்தது... இலையும் வெந்துபோயிருந்தது.

"வெயில்ல எண்ண அடிப்பாங்களா? சாயங்காலம் அடிக்கணும். தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாதுல்லா..." என்று தலையைச் சொறிந்தான்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அவன் சட்டைமேல் ஒட்டினாள். "ரிஜெக்ட்."

அவன் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தான். "சரி பண்ணி திருப்பி எடுத்துக்கிட மாட்டியளா?"

"பாக்கலாம்..."

அன்றைக்கு அவள் கீழே இறங்கும்போது அம்மா கேட்டாள், "இன்னாடி, தனியா சிரிச்சிகினு வர?"

பீர்க்கை நன்றாகப் படர்ந்தது. பூத்தது. ஆனால் பிஞ்செல்லாம் விரல் நீளத்தில் பழுத்து உதிர்ந்தது. அவன் ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தான். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். மஞ்சள் மஞ்சளாக, கம்பி வேலி முழுக்க.

"மாடியில தேனீ வரல. அதான். நாமளே சேத்து வைக்கணும்..." என்றவன் சட்டென்று நிறுத்தினான்.

"இன்னா சேத்து வைக்கணும்?"

"பூவ." அவன் காது சிவந்தது. "இது... காம்போட மட்டும் இருக்குல்லா, இது ஆண் பூ. அடியில சின்னக் காய் மாதிரி இருக்கே, அது... மத்தது. இத எடுத்து அதுல லேசா..."

"தெரியும். ஸ்கூல்ல படிச்சினு கீறேன்."

அவள் ஒரு பூவைப் பறித்தாள். இதழ்களை விலக்கினாள். மகரந்தம் விரலில் ஒட்டியது. அவன் கொடியைத் தாங்கிப் பிடித்தான். இரண்டு கைகளும் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்கு இரண்டு பேருமே மிகவும் கவனமாக இருந்தார்கள்... அந்தக் கவனம்தான் தொடுவதைவிட மோசமாக இருந்தது.

பிறகு அவன் வரவில்லை.

ஒரு ஞாயிறு போனது. இரண்டு. மூன்று. நர்சரிக்கும் வருவதில்லை என்றார் பலராமன். போன் நம்பர் இருந்தது. அவள் கூப்பிடவில்லை. 'வந்தான், பார்த்தான், போனான்... இதுல இன்னா கீது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள், இரண்டு வருடத்துக்கு முன்னால் இவளுக்கு நிச்சயம் ஆகி நின்றுபோனதை. கேட்டதும் விலகியிருப்பான். விலகுகிறவனிடம் போய் ஏன் என்று கேட்பதா? மாட்டாள். லைனில் அந்த வாரம் நல்ல பாகங்கள் இரண்டை ரிஜெக்ட் என்று தள்ளிவிட்டாள். சூப்பர்வைசர் ஆச்சரியமாகப் பார்த்தார். அப்படி அவள் செய்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பீர்க்கங்காய் முதல் காய்ப்பு... முழங்கை நீளத்தில் ஆறு. முனியம்மாள் அறுத்து மடியில் போட்டவள், அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தான் அந்தப் புள்ளைய வரவேணான்னேன்."

கலைமதி திரும்பவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோல் மட்டும் நின்றது.

"எப்ப?"

"அன்னைக்கு பூவ பாத்துட்டு எறங்கி வந்தானே, அப்பதான். வாடகை ரூம்ல கீறவன், கான்ட்ராக்ட் வேல... நாளைக்கு மூட்டைய கட்டிகினு போயிட்டானா? ஒரு தபா ஊரு சிரிச்சது போதும்டி. இன்னொரு தபா உன் மூஞ்ச அப்பிடி பாக்க என்னால முடியாது. நிச்சயம் நின்னத சொன்னேன். இனிமே வராதப்பான்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"சரிம்மான்னான். செருப்ப மாட்டிகினு வாசல் வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்தான். மாடில மழத்தண்ணி புடிக்கிற டிரம்ம மூடி வைங்க, கொசு வந்துரும்னான்." முனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கோவமாச்சும் பட்டிருக்கலாம் அவன்... அதுலேர்ந்து எனக்குத்தான் மனசே செரியில்ல."

கலைமதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

அந்த வாரம் ஷிப்ட் மாறி அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மூன்றரை மணிக்கு ஒரகடம் மேம்பாலத்தின் கீழே போய் நின்றாள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் தண்ணீரை வாரி இறைத்தன. பாலத்தின் இரண்டு பக்கமும் மழை திரைபோல இறங்கியது. எல்லாச் சட்டையும் நீலம்... எல்லா முகத்திலும் களைப்பு. ஐந்தாவது பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான்.

அவளைப் பார்த்ததும் நின்றான். கூட வந்தவர்கள் இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள்.

"செடிக்கு என்னமும் ஆச்சா?" என்று கேட்டான்.

"செடிக்கு ஒண்ணும் ஆவல." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்கம்மா உங்ககிட்ட சொன்னது பாதி. மீதிய நான் சொல்லணும். நிச்சயம் நின்னுது, உண்மதான். கல்யாணத்துக்கு அப்பறம் வேலைய விட்டுடணும்னாங்க. ஷிப்ட்டுக்கு போற பொண்ணு ஆவாதாம். நான் வேலைய விடமாட்டேன்னேன். அவங்க என்ன விட்டுட்டாங்க. அவ்ளோதான் கத."

மாரிசெல்வம் நெற்றியைச் சுருக்கினான். நிஜமாகவே புரியாதவன்போல.

"வேலைய எதுக்கு விடணும்?"

இரண்டு வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லை. 'அனுசரிச்சிருக்கலாமே' என்றார்கள். 'பொண்ணுக்கு திமிரு' என்றார்கள். பாவம் என்றவர்களும் உண்டு. இந்த ஒரு கேள்வியை மட்டும் யாருமே கேட்கவில்லை. கண்ணில் நிறைந்ததை மழை என்று சொல்ல முடியாது. பாலத்துக்குக் கீழே நனையாமல்தான் நின்றிருந்தாள்.

"எனக்கு உங்கள புடிச்சிருக்கு" என்றாள். "இத்த சொல்லத்தான் வந்தேன்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவன் காத்திருந்தான்.

"எங்கம்மாட்ட போன்ல சொல்லிட்டேன்" என்றான் மெதுவாக. "இங்கன ஒரு புள்ளய புடிச்சிருக்குன்னு. அந்தப் புள்ளைக்குத் தெரியுமாலேன்னு கேட்டா. தெரியாதும்மான்னேன். அதுலருந்து தெனமும் கேக்கா... இன்னைக்காவது சொன்னியாலேன்னு."

"நீங்க இன்னா சொல்லுவீங்க?"

"போன வச்சிருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த சிரிப்பு. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தத் தூக்கக் கண்கள் முழுதாக விழித்திருந்தன.

"இன்னைக்கு சொல்லிடுங்க. அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு."

"சொல்லுதேன்." ஒரு அடி முன்னால் வந்தான். "உங்க அம்மாட்ட நான் எப்ப வந்து கேக்கட்டும்?"

"நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட். காலையில பத்து மணிக்கு வா."

'வாங்க' என்றுதான் சொல்ல நினைத்தாள். வாய் வேறு மாதிரி சொல்லிவிட்டது. திருத்தவில்லை.

"எனக்கு நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்லா..." என்றான் அவன்.

"லீவு போடு."

"போடுதேன்" என்றான் மாரிசெல்வம்.