முப்பத்தொன்பது மார்க்

ஒரு பிணத்துக்கு எதிரே உட்கார்ந்து, பிஸ்கட் கடித்துக்கொண்டே, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா?

இன்ஸ்பெக்டர் பார்த்தாள்.

சாயங்காலம் நாலே முக்கால். கல்லூரியின் முதல் மாடி. பொருளாதாரத் துறைத் தலைவரின் அறை.

மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவன் செத்துக் கிடந்தான். நாற்காலியில் சரிந்து, கன்னம் மேஜை விளிம்பில் பதிந்து... கடைவாயில் நுரை. கையருகே பாதி குடித்த டீ கிளாஸ்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர். கையில் சிவப்புப் பேனா. உதட்டோரம் பிஸ்கட் தூள்.

"வாம்மா! நீ நம்ம ஸ்டூடண்ட் தானே? மூணாவது பெஞ்ச்! ஒரு நிமிஷம்... கடைசிப் பேப்பர். முடிச்சுடறேன்."

முடித்தார். பேனாவுக்கு நிதானமாக மூடி போட்டார்.

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தாள். பிணத்தைப் பார்த்து அல்ல. பிணங்கள் அவளுக்குப் பழக்கம். அந்த பிஸ்கட் தூளைப் பார்த்துத்தான்!

"சார்... எதிர்ல ஒருத்தர் செத்துக் கிடக்கறாரு."

"தெரியும்மா. போன் பண்ணதே நான்தானே? நீங்க வர்ற வரைக்கும் நான் கன்னத்துல கை வச்சு உட்கார்ந்திருந்தா, அவன் எழுந்து வந்துடுவானா? நேரம்கிறது ஒரு வளம். கிளாஸ்ல சொல்லியிருக்கேனே... மறந்துட்டியா?"

கான்ஸ்டபிள் குண்டூசி அவள் காதருகே குனிந்தார். பட்டப்பெயர்தான் குண்டூசி. ஒவ்வொரு மூச்சுக்கும் சட்டைப் பட்டன்கள் உயிருக்குப் போராடும் உடம்பு.

"மேடம், இவர்கிட்ட படிச்சுமா நீங்க இவ்ளோ நல்லவங்களா வந்தீங்க?"

"வாயை மூடுங்க!"

செத்தவன் அந்தத் துறையின் ஆராய்ச்சி மாணவன். முப்பத்தாறு வயது. கல்லூரியில் எல்லோருக்கும் 'தாடி'. டாக்டர் பட்டத்துக்குப் பேராசிரியரின் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அதற்காக ஒன்பது வருடம் காத்திருந்தான்.

இனிக் காத்திருக்க வேண்டாம்!

இன்ஸ்பெக்டர் குனிந்து அவன் கையைப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு.

"இங்க என்ன கட்டியிருந்தாரு?"

"ரூம் சாவிம்மா..." வாசலிலிருந்து குரல். "கறுப்புக் கயித்துல கட்டியிருப்பாரு. குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டாரு."

அட்டெண்டர். ஐம்பத்தெட்டு வயது. சட்டை முழுக்கச் சாம்பல். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள். வராந்தா முனையில் அவருடைய மகள், துப்பட்டாவைக் கடித்தபடி நின்றாள்.

பேராசிரியர் சலித்துக்கொண்டார். "அவன்கிட்டயே கேக்கறியேம்மா! டீ போட்டுக் கொண்டு வந்தது அவன். காலையில தாடியோட கத்திக்கிட்டு நின்னது அவன். மூணு மணிக்கு மேல தாடியோட ரூமைத் திறந்து, அங்க இருந்த ஆய்வு ஃபாரங்களையெல்லாம் யாரோ பின்பக்கம் போட்டுக் கொளுத்தியிருக்காங்க. இவன் சட்டையைப் பாரு! இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்? படம் வரைஞ்சு காட்டணுமா?"

அவள் செல்போன் அலறியது. டி.எஸ்.பி!

"என்னம்மா, அட்டெண்டரைப் பிடிச்சாச்சாம்ல? நாளைக்குக் காலையில கோர்ட்ல நிறுத்தி உள்ள தள்ளிடு. சாரைத் தொந்தரவு பண்ணாதே. அவர் யாருன்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன?

இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவர். பெயிண்ட் கம்பெனி ஒன்றில் டைரக்டர். அந்தக் கம்பெனியின் ஆலையைச் சுற்றி ஆயிரத்து இருநூறு வீடுகளில் ஆய்வு செய்து, 'ஆலையால் ஊர் செழித்தது, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை' என்று புத்தகம் போட்டவர். அந்தப் புத்தகம்தான் வகுப்பில் பாடம்!

டைரக்டர், ஆராய்ச்சியாளர், ஆசிரியர். மூன்று நாற்காலியிலும் ஒரே ஆள். ஒருவர் சொல்லும் பொய்க்கு மற்ற இருவரும் சாட்சி!

"நாளைக்குக் காலை வரைக்கும் டைம் இருக்கு சார்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அட்டெண்டரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சொல்லுங்க. காலையில என்ன சண்டை?"

"சண்டையே இல்லம்மா! ரூமைக் காலி பண்ணச் சொல்லுன்னு சார் என்னை அனுப்புனாரு. சொன்னேன். தாடித் தம்பி நேரா சார் ரூமுக்கு வந்து கத்துனாரு. 'நாளைக்கு எல்லா ஃபாரத்தையும் பேப்பர்காரங்ககிட்ட கொடுக்கறேன், பாருங்க'ன்னாரு."

"சாம்பல்?"

"புகையைப் பார்த்து அணைக்க ஓடுனேன். எல்லாம் போயிடுச்சும்மா. ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு."

இடுப்பு மடிப்பிலிருந்து பாதி கருகிய ஒரு தாளை எடுத்தார். ஆய்வுக்கான ஃபாரம். பெண். வயது அறுபத்தொன்று. உடல்நலம்: நன்று. ஆலையால் தொந்தரவு: இல்லை.

"இது தாடித் தம்பியோட அம்மா."

"அதனால என்ன?"

"இந்த ஃபாரம் எழுதின தேதிக்கு மூணு வருஷம் முன்னாடியே அந்தம்மா இருமி இருமிச் செத்துடுச்சு! செத்தவங்க நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்காங்கம்மா! ஒரு வீட்டுக்கும் யாரும் போகவே இல்லையாம். ரூம்ல உட்கார்ந்து எழுதுனதாம், அத்தனையும்."

இன்ஸ்பெக்டருக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"காரணம் கிடைச்சுடுச்சு மேடம்," என்றார் குண்டூசி. "ஆனா புரபசர் ரூமை விட்டு நகரவே இல்லையே!"

அதுதான் இடித்தது. பரீட்சைப் பிரிவு கிளார்க் அடித்துச் சொன்னார்.

"ரெண்டு மணிக்கு நான்தான் மேடம் கட்டைக் கொண்டு வந்தேன். சீல் உடைச்சதே என் முன்னாடிதான். அறுபது பேப்பர்! இப்ப பாருங்க, எல்லாம் ரெடி. ஒரு பேப்பருக்கு மூணு நிமிஷம்கூடக் கிடையாது. அவர் மூச்சு விட்டதே பெரிசு. இதுல மாடி இறங்கிப் போய்க் கொளுத்திட்டு வேற வருவாரா?"

விஷம் வைத்தவன்தான் சாவியை எடுத்துக் கொளுத்தியிருக்க வேண்டும். கொளுத்த நேரமே இல்லாதவர் பேராசிரியர். நேரமும் சாம்பலும் அட்டெண்டரிடம்.

அட்டெண்டரின் மகள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் மறுபடி அறைக்குள் போனாள். பேராசிரியர் இரண்டாவது பிஸ்கட்டில் இருந்தார்.

"ரெண்டே முக்காலுக்கு வந்தான்மா. டீ குடிச்சான். தலையைச் சாய்ச்சான். தூங்கறான்னு நினைச்சேன். என் எதிர்ல பசங்க தூங்கறது புதுசா என்ன?" சிரித்தார். "என்னை ஈவு இரக்கம் இல்லாதவன்னு நினைக்காதே. பாஸ் மார்க்குக்குக் கிட்ட வந்தவனை நான் தள்ளுனதே இல்ல. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதுன்னா நாப்பதாக்கி விட்டுடுவேன். காலேஜ் முழுக்கச் சொல்லும். ஆமா... நீ எவ்வளவு வாங்கினே?"

"நாப்பது சார்."

"பார்த்தியா!"

உண்மைதான். அந்த நாற்பது இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் இந்தக் காக்கிச்சட்டை இல்லை. இந்த ஆளுக்கா நன்றி சொல்ல வேண்டும்? நினைக்கவே அருவருப்பாக இருந்தது!

அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பேப்பர் கட்டை இழுத்துப் புரட்டினாள்.

ஐம்பத்திரண்டு... நாற்பத்தேழு... முப்பத்தொன்பது...

கை நின்றது.

அறுபத்து மூன்று... முப்பத்தெட்டு... மறுபடி முப்பத்தொன்பது!

"சார்... முப்பத்தொன்பது போட்டிருக்கீங்க."

"எங்கே?"

"இதோ. இதோ இன்னொண்ணு. இங்க முப்பத்தெட்டு..." கடைசி வரை புரட்டினாள். "நாலு பேருக்கு முப்பத்தொன்பது. நாப்பது ஒருத்தருக்குக்கூட இல்ல!"

பிஸ்கட் பாதியில் நின்றது.

"அது... தரம் குறைஞ்சுக்கிட்டே போகுதும்மா. இந்த வருஷம் கொஞ்சம் கண்டிப்பா..."

"தள்ளுனதே இல்லன்னு சொல்லி ஒரு நிமிஷம் ஆகலையே சார்!"

அறுபத்தொன்று வாங்கிய ஒரு பேப்பரைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் பெரிய சிவப்பு டிக். அவள் உரக்கப் படித்தாள்.

"'ஐயா, எனக்குக் கேள்வி எதுவும் புரியவில்லை. எங்கள் மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எப்படியாவது பாஸ் போடுங்கள். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கும்.' இவ்வளவுதான் சார் எழுதியிருக்கான். அறுபத்தொண்ணு!"

"மேடம், நான் எழுதற லீவ் லெட்டர் இதைவிட நல்லா இருக்கும்," என்றார் குண்டூசி. "எழுபதாவது தேறும்!"

இன்னொரு பேப்பர். பதினெட்டுப் பக்கம். ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டுப் படங்கள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

முப்பத்தேழு!

"ஒரு பேப்பரைக்கூட நீங்க படிக்கல. முன்பக்கத்துல வாய்க்கு வந்த நம்பரைப் போட்டிருக்கீங்க. அஞ்சு நிமிஷ வேலை! ஆயிரத்து இருநூறு வீட்டுக்கும் போகாம ஃபாரம் எழுதின அதே கை! மிச்ச நேரம் எங்க இருந்தீங்க சார்?"

"உளறாதே! இருபத்தாறு வருஷமா பேப்பர் திருத்தறவன் நான்!"

வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம். கசப்பான சிரிப்பு. அட்டெண்டர்!

"சார் பேப்பர் திருத்தி நான் பார்த்ததே இல்லையேம்மா! கட்டு வந்தா, சீலோட தாடித் தம்பி ரூமுக்குத்தான் போகும். ஒன்பது வருஷமா அவருதான் திருத்துவாரு. சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து திருத்துவாரு. 'ரெண்டு மார்க்குக்காக ஒரு புள்ளையோட ஒரு வருஷம் போகணுமாண்ணே'ன்னு என்கிட்ட கேப்பாரு. இன்னைக்குத்தான் முதல்தடவையா சாரே சீலை உடைச்சாரு."

இன்ஸ்பெக்டர் பேப்பர் கட்டைக் கீழே வைத்தாள்.

ஒன்பது வருடமாக...

அவள் பட்டம் வாங்கி எட்டு வருடம்.

மெதுவாகத் திரும்பினாள். மேஜை விளிம்பில் பதிந்திருந்த அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். முகம் தெரியாத ஒரு மூணாவது பெஞ்சுக்காரிக்கு, சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, இரண்டு மார்க் கூட்டிப் போட்டவன்! அவனோடு அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

தொப்பியைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"குண்டூசி... சாரோட பாக்கெட்டைப் பாருங்க."

"என்னைத் தொடாதே! நான் யார் தெரியுமா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் பாக்குறோம்," என்றபடி குண்டூசி கையை விட்டார்.

கைக்குட்டை. அதற்குள் சுருட்டிய கறுப்புக் கயிறு. கயிற்றின் முனையில் சாவி!

"டீ வந்துச்சு. அட்டெண்டர் வெளிய போனதும் கலந்தீங்க. அவர் சரிஞ்சதும் சாவியை அவிழ்த்தீங்க. கொளுத்திட்டு வந்து, அஞ்சே நிமிஷத்துல அறுபது பேரோட தலையெழுத்தை எழுதினீங்க. பிஸ்கட் வேற!"

பேராசிரியர் உட்கார்ந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. வகுப்பில் இருக்கும் அதே முகம்.

"யோசிச்சுப் பாரும்மா. ஒரு பக்கம் ஒருத்தன். பட்டம்கூட வாங்காதவன். இன்னொரு பக்கம் ஒரு ஆலை. நாலாயிரம் பேருக்கு வேலை. எது லாபம், எது நஷ்டம்? நீயே சொல்லு. எகனாமிக்ஸ் படிச்சவ தானே?"

"படிச்சேன் சார்..." விலங்கை எடுத்தாள். "ஆனா நாப்பது மார்க்குக்குத்தான்!"

'க்ளிக்.'

செல்போன் மறுபடி அலறியது. டி.எஸ்.பி.

"என்னம்மா, அட்டெண்டரை உள்ள தள்ளியாச்சா?"

"இல்ல சார், வீட்டுக்கு அனுப்பிட்டேன். உள்ள இடம் இல்ல. பெரிய மனுஷன் ஒருத்தர் வர்றாரு!"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அட்டெண்டர் முதல் பெல் அடித்தார். அறுபது பேப்பரையும் வேறொரு லெக்சரர் உட்கார்ந்து, படித்து, மறுபடி திருத்தினார்.

முப்பத்தொன்பது ஒருத்தர்கூட வாங்கவில்லை.