நாற்றம் நின்ற ஞாயிற்றுக்கிழமை

"நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்து..."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். நாத்தம் இல்லை. இல்லைன்னா சந்தோஷப்படு, அதை விட்டுட்டு..."

"சந்தோஷப்படற விஷயமா இது? காலைல துணி துவைக்கும்போது இருந்துச்சு. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து பார்த்தா இல்லை."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நாத்தம் நாத்தம்னு என் உயிரை வாங்கினே. இப்ப போயிடுச்சுன்னு வாங்கறே. உனக்கு என்னதான் வேணும்?"

அவள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மேட்டின் மேல் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மரக்கூழ் ஆலையின் புகைபோக்கிகள் வழக்கம்போல் வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருந்தன. ஆலை முற்றத்தில் கொட்டியிருந்த மரச்சில்லுக் குவியலிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், கண் போகிற மட்டும், சீப்புப் பல் மாதிரி வரிசை பிசகாமல் நட்ட தைலமரங்கள். எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருந்தன. நாற்றத்தை மட்டும் காணோம்.

அந்த நாற்றத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அழுகிய முட்டையும் வெந்த முட்டைக்கோசும் சேர்ந்த ஒரு நெடி. தலையணையில் இருக்கும், பிள்ளைகளின் தலைமுடியில் இருக்கும், கல்யாணத்துக்கென்று பெட்டியில் மடித்து வைத்த புடவையில் இருக்கும். விருந்தாளிகள் வந்து இறங்கியதும் கைக்குட்டையைத் தேடுவார்கள். அவளுடைய தங்கை அவர்களிடம், இது நாற்றமில்லை, எங்கள் சம்பளம் வேகிற வாசனை என்று சொல்லிச் சிரிப்பாள்.

கணவர் ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பாளர். ஊருக்கு அவர் சங்குக்காரர். ஆலையில் விபத்து என்றால் சங்கை ஊதி ஊரை எழுப்பவேண்டிய ஆள். அதனால் அவள் சங்கு வீட்டம்மா. காய்கறிக்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுவான்.

அவள் கொடியிலிருந்த துணியை எடுத்து வந்தாள். ஒரு துண்டை முகத்தில் வைத்து அழுத்தினாள். நாற்றம் போயிருந்தால் சோப்பு வாசனையாவது வரவேண்டும். வரவில்லை. சமையலறைக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கோடு ஒட்டிப் பிடித்தாள். வெறும் தகரத்தை மோந்தது போலிருந்தது. கை தானாகவே மேல் தட்டிலிருந்த தைலப் புட்டியை எடுத்தது. மூடியைத் திறந்தாலே அடுத்த அறையில் இருப்பவருக்குக் கண்ணில் நீர் வரும், அவ்வளவு காரம். திறந்தாள். மூக்கடியில் வைத்தாள். கண் எரிந்தது. மூக்குக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

நாற்றம் எங்கும் போகவில்லை. போனது மூக்கு.

இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பழைய சங்குக்காரர். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் குடும்பத்துப் பெண்களையெல்லாம் ஆலைக் கொட்டகையில் உட்காரவைத்து வகுப்பு எடுப்பார். "அதாவது பாருங்க" என்று சொல்லி, ஒரு சின்ன இருமல் இருமிவிட்டுத்தான் எந்த விஷயத்தையும் ஆரம்பிப்பார்; பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதே மாதிரி இருமிக் காட்டுவார்கள். நாற்றம் அடிக்கிறவரை ஆலையைத் திட்டிக்கொண்டிருங்கள், தப்பில்லை என்பார். நாற்றம் தருகிற அந்த வாயு அடர்ந்தால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். அது பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். நாற்றம் நின்றால் நின்று யோசிக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். ஒருநாள் அப்படித்தான் அவர் யாரையும் கேட்காமல் சங்கை ஊதினார். ஊர் மொத்தமும் மேடேறி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவர் செய்த குற்றமாகிப்போனது. ஒன்றும் ஆகாததற்கு ஆலையை ஒருநாள் முழுக்க நிறுத்திவிட்டார் என்றார்கள்.

அப்போது முதலாளி மாறியிருந்த புதிது. உள்ளூர்க் குடும்பம் வேறொரு நாட்டுக் கம்பெனிக்கு விற்றிருந்தது. அந்தக் கம்பெனி மூன்றாவது நாட்டில் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். அதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறதாம். ஏரியில் மீன் செத்து மிதந்தபோது தொழிற்சங்கத் தலைவர் யாரைக் கேட்பது என்று ஆபீசில் போய் நின்றார். மேனேஜர் மேலே கையைக் காட்டினாராம். தலைவர் நிமிர்ந்து பார்த்தாராம். "பல்லிதான் இருந்துச்சு" என்று வெளியே வந்து சொன்னார். ஊரே சிரித்தது. பழைய சங்குக்காரரை மட்டும் அந்த மேலே இருப்பவர்கள் விசாரணைக்கு அழைத்தார்கள். புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். அங்கேயே நல்ல வேலை கொடுத்துவிட்டார்கள் என்று அவர் மனைவிக்குச் செய்தி வந்தது. மனிதர் வரவில்லை.

பிறகு கணவருக்கு அந்தப் பதவி வந்தது. பதவியோடு இந்தத் தொலைபேசியும் வந்தது. கறுப்பு. எண்கள் கிடையாது. முன்னறை மேசையில் திருகாணி போட்டு முடுக்கிவிட்டுப் போனார்கள். எடுத்தால் அங்கே மணி அடிக்கும். அங்கே என்றால் எங்கே என்று இவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஆலையில் இருக்கிற கருவிகள் எல்லாம் அளவை அங்கேதான் அனுப்புகின்றன. அவர்கள் பார்த்து ஆபத்து என்றால் சங்கு அங்கிருந்தே ஊதும். ஆலை வாசல் சுவரிலிருந்த பழைய சிவப்புப் பொத்தானைப் பிடுங்கி, ஓட்டையில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சங்கு இங்கே, பொத்தான் அங்கே.

அவளுக்கு அந்தத் தொலைபேசியின்மேல் முதல் நாளே சந்தேகம். அது வந்ததிலிருந்து இவர் வீட்டில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. மதியம் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும். வெளியே வரும்போது குரல் கம்மியிருக்கும், பாதியை உள்ளேயே கொடுத்துவிட்டு வந்த மாதிரி. என்ன பேசினீர்கள் என்றால் எல்லாம் ஆபீஸ் விஷயம் என்பார். பேசும்போது மோதிர விரலால் மேசையை டொக், டொக் என்று தட்டுவது அவர் பழக்கம். சமையலறையில் இருந்தபடியே அந்தத் தட்டலைக் கேட்டு இன்னும் பேச்சு முடியவில்லை என்று தெரிந்துகொள்வாள்.

தைலப் புட்டியை அவர் மூக்கடியில் நீட்டினாள்.

"வாசனை வருதா?"

அவர் ஒரு கணம் புட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"வருதே" என்றார்.

அவர் கண்ணில் நீர் வழிந்தது. மூக்கு விடைக்கவே இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். புது முதலாளிகள் புகையைச் சுத்தம் செய்யும் இயந்திரம் பொருத்திவிட்டார்கள், அதனால்தான் நாற்றமில்லை என்றார். எப்போது வந்தது அந்த இயந்திரம், எந்த லாரியில் வந்தது, வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிற என் கண்ணில் படாமல் எந்த வழியாகப் போனது என்று கேட்டாள்.

அவள் பள்ளத்திலிருக்கும் தங்கைக்குக் கைபேசியில் பேசினாள். கழிவுக் குட்டையை ஒட்டிய கீழ் வரிசை வீடுகளில் நடுவீடு தங்கையுடையது.

தங்கையின் குரலில் சந்தோஷம் இருந்தது. கொஞ்சம் தூக்கக் கலக்கமும். தெருவே கொண்டாட்டமாக இருக்கிறதாம், நாற்றம் போய்விட்டதாம், குடிவந்த நாளாகச் சாத்தியே கிடந்த ஜன்னல்களையெல்லாம் எல்லார் வீட்டிலும் திறந்து வைத்துவிட்டார்களாம். காற்று வரட்டும் என்று தொட்டில் பிள்ளைகளை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறார்களாம்.

"ஜன்னலைச் சாத்துடி. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு வா. இப்பவே."

"என்னக்கா நீ." கொட்டாவி விட்டாள். "ஏதாவதுன்னா மாமா சங்கு ஊதியிருப்பாரே."

அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் அங்கே ஏறவில்லை. தலை வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றாள் தங்கை. கைபேசியை வைக்கக்கூட இல்லை. துணி உரசும் சத்தம். கட்டில் முனகும் சத்தம். பிறகு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவளே ஓடினாள். சரிவில் பாதி இறங்குவதற்குள் கண் மிளகாய் பட்டது போல் எரிய ஆரம்பித்தது, நாக்கில் செம்புக் காசை வைத்த ருசி, முழங்கால் தன்னுடையது இல்லாத மாதிரி மடிந்தது. திருப்பத்தில் தெருநாய் ஒன்று முன்னங்காலில் தலை வைத்துப் படுத்திருந்தது. கூப்பிட்டாள். வாலை ஆட்டாத நாயை அவள் பார்த்ததில்லை. கீழே வரிசையாக வீடுகள், எல்லா ஜன்னலும் விரியத் திறந்து, திரைச்சீலைகள் அசையாமல். கத்தினாள். அவள் குரல் கீழே போகாமல் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டது. சங்கால்தான் ஆகும். சங்குச் சத்தம் ஒன்றுதான் தூங்குகிறவர்களை எழுப்பும்.

தவழ்ந்து மேலே வந்தாள்.

முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். கணவர் மேசை முன் உட்கார்ந்திருந்தார். தொலைபேசியின் ஒலிபெருக்கி போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது.

"ஊதச் சொல்லுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "அவ பேச்சு நின்னுடுச்சு. நாய் செத்துக் கிடக்கு. ஊதச் சொல்லுங்க."

அவர் தொலைபேசியைப் பார்த்துக் கை காட்டினார். கேள் என்பது போல.

"அதாவது பாருங்க" என்றது தொலைபேசி. ஒரு சின்ன இருமல். "அளவெல்லாம் இங்கே பச்சையா இருக்கு. ஒண்ணும் ஆகலை."

அவளுக்கு முதுகுத்தண்டில் ஈரத்துணியை இழுத்த மாதிரி இருந்தது. அந்த இருமலை அவள் கொட்டகையில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். எத்தனை தடவை இருமிக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணே" என்றாள். "நீங்கதானே நாத்தம் நின்னா ஓடச் சொன்னீங்க?"

"அதாவது பாருங்க." இருமல். "அளவெல்லாம் இங்கே பச்சையா இருக்கு. ஒண்ணும் ஆகலை." அதே இழுப்பு, அதே இடத்தில் அதே இருமல். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இல்லை, மனிதர் தண்ணீர் குடித்த ஈரம்கூட இல்லை. அதற்குப் பின்னால் இன்னும் குரல்கள் இருந்தன. பல மொழிகள். ஒவ்வொன்றும் வேறு யாருக்கோ, வேறெந்த ஊருக்கோ, தணிந்த குரலில், பொறுமையாக, ஒரே சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அவள் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்த ஆலைச் சுவரை இடியுங்கள், சிமெண்டைப் பேர்த்துப் பழைய கம்பியை எடுத்துக் கோத்து விடுங்கள், உங்களுக்குத் தெரியாததா, கேட்காமலே ஊதுங்கள் என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. நன்றாகவே அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். காற்றுகூட வரவில்லை.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழ் வரிசையில் தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. விளக்கடியில் யாரும் இல்லை.

ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

ஒரு பிள்ளையும் அழவில்லை.

தங்கை வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது.

அவர் கையை மேசைமேல் வைத்தார். கை கிடந்தது. மோதிரம் கிடந்தது. விரல் அசையவில்லை.

டொக்.

அவள் விரலைப் பார்த்தாள்.

டொக், டொக்.

சத்தம் மேசையில் இல்லை. தொலைபேசிக்குள் இருந்தது. மரத்தின்மேல் மோதிரம் தட்டுகிற சத்தம். அவளுக்கு ஆயிரம் தடவை பழக்கப்பட்ட தட்டல். பிறகு ஒரு குரல் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. வீட்டில் இத்தனை நாளாகக் குறைந்துகொண்டே வந்த குரல், அங்கே முழுசாக, கல்யாணம் ஆன புதிதில் இருந்ததுபோல் கணீரென்று இருந்தது.

"எல்லாம் பச்சையா இருக்கும்மா. ஒண்ணும் ஆகலை. ஜன்னலைத் திறந்து வை."

எதிரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது.

அவள் தொலைபேசியின் பக்கம் குனிந்தாள்.

"என்னங்க, நீங்க எங்கேருந்து பேசறீங்க?"