ஆலைக்குப் பின்னால் கால்வாய்

ஹில்காவும் மென்னோவும் அந்த வீட்டுக்குக் குடிவந்தது மழை விட்டிருந்த ஒரு மத்தியானத்தில். குரோனிங்கன் பக்கத்துச் சமவெளி. பார்வையை மறைக்க ஒரு மரம்கூட இல்லாத ஊர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் புல் மூடிய ஒரு மேடு, அதற்கு அப்பால் கால்வாய். ஒரு காலத்தில் ஊருக்கே மாவரைத்த காற்றாலை அந்த மேட்டில்தான் நின்றது. அதைப் பிரித்து விற்றுப் பல வருடமாயிற்று. மிச்சம் ஒரு செங்கல் வட்டம், அதிலும் காஞ்சொறி மண்டிக் கிடந்தது.

ஹில்காவுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அதிலிருந்து மென்னோ பாதி மனிதன். சர்க்கரைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து கால்வாய்க்கரையில் சைக்கிளில் திரும்பும்போது, வீட்டில் என்ன சேதி காத்திருக்கிறதோ என்று காலே ஓடாது என்பான். இன்னொரு இழப்பை அவன் தாங்கமாட்டான். வயிற்றிலிருந்த பிள்ளையைவிட அவனை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளின் கைமேல் ஒரு நிழல் ஊர்ந்து போனது.

மேகம் என்று நினைத்தாள். பின்னாலேயே இன்னொன்று வந்தது. நீளமாக, ஏணிபோல் சட்டங்கள் வைத்த நிழல். எதிர்ச்சுவரில் மெதுவாக ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கியது. காய்ந்த தானியம் கல்லுக்கிடையில் சூடேறும் வாசனை அறை முழுக்க வந்தது.

ஜன்னலுக்கு வெளியே மேடு வெறுமையாகக் கிடந்தது.

அன்று மாலை பக்கத்து வீட்டு கார்ம்ட்டிடம் சொன்னபோது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தார். புள்ளத்தாய்ச்சிக்கு மாவு வாசனை வந்தால் ரொட்டி சுட்டுச் சாப்பிட வேண்டியதுதானே என்றும் கேலி செய்தார். அவர் மனைவி ஃப்ராவ்கா சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவள் அவள். கணவனை ஒரு முறை முறைத்துவிட்டு, கதையைச் சொன்னாள்.

ஆலை ஹார்கோ என்பவனுடையது, இப்போது ஹில்கா இருப்பதும் அவன் வீடுதான். தம்பி ஏவர்ட் கூட இருந்தான். ஆலைக்காரன் வீட்டுச் சேதியை ஊருக்கு ஆலையின் இறக்கைதான் சொல்லும், அதை எந்த இடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள் என்பதை வைத்து. மேலேறுகிற இறக்கை உச்சிக்குச் சற்று முன்னால் நின்றால் நல்லது. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய இடத்தில் நின்றால் சாவு. ஹார்கோ படகில் மாவு மூட்டை ஏற்றிப் போயிருந்த நாளில் அவன் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஏவர்ட் ஓடிப்போய் நல்ல சேதிக்கு இறக்கையை நிறுத்தினான். காலையில் காற்று மாறியதால் ஆலையின் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பியிருந்ததைச் சந்தோஷத்தில் மறந்துவிட்டான். பிறகு காற்று விழுந்தது, மூடுபனி இறங்கியது. கால்வாயில் வந்த ஹார்கோ பார்த்தது ஆலையின் முதுகை, பனியில் அது முதுகென்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். நல்ல சேதி சாவுச் சேதியாகிவிடும். படகு மட்டும்தான் கரைக்கு வந்தது.

"உடம்பு?" என்றாள் ஹில்கா.

"கிடைக்கவே இல்லம்மா. அவன் மரச்செருப்புகூட மிதந்து வரல."

பாவி ஏவர்ட் அதன்பின் ஆலையைத் தொடவில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊரைவிட்டே போனான். அன்றிரவு ஹில்கா இந்தக் கதையை மென்னோவிடமும் சொன்னாள்.

ஹில்காவுக்கு வலி கண்ட நாளிலும் காலையிலிருந்தே மூடுபனி. மேடுகூடத் தெரியவில்லை. ஃப்ராவ்கா சமையலறை அடுப்போரம் கட்டில் போட்டாள். அடுத்த தெருவரை கேட்கும்படி அழுதுகொண்டு, சாயங்காலம் ஆவதற்குள் பெண் பிறந்தாள். நல்ல பிள்ளை, நல்ல எடை. ஹில்காவும் அழுதாள், சிரித்தாள்.

அப்போது அந்த வாசனை வந்தது.

வெயிலே இல்லாத நாளில், எதிர்ச்சுவரில் நிழல்.

நிழல் சுற்றவில்லை, நின்றிருந்தது. உச்சிக்குச் சற்று முன்னால்.

நல்ல சேதி. ஒரு கணம் அவளுக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த கணம் ஃப்ராவ்காவின் கையைப் பற்றினாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "இறக்கை நம்மளப் பாத்து நிக்குது. மென்னோ கால்வாய்ப் பக்கமா வருவாரு, அவருக்கு முதுகுதான் தெரியும்."

ஃப்ராவ்கா எந்த இறக்கை என்று கேட்கவில்லை. அவளுக்குச் சுவரில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வாசனை தெரிந்தது. ஜன்னலைத் திறந்து, விறகு பிளந்துகொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். "கால்வாய்க்கு ஓடுய்யா. பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு கத்திக்கிட்டே ஓடு."

கார்ம்ட் கேலி பேசவில்லை. ஓடினார்.

அவர் குரல் பனிக்குள் போய்த் தேய்ந்தது.

பிறகு நின்றுபோனது.

ஹில்கா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். கடவுளே, மென்னோ பார்க்கக்கூடாது, தலை நிமிராமல் வரவேண்டும். நிழல் அசையாமல் நின்றது.

ஃப்ராவ்கா பிள்ளையை வாங்கித் தொட்டிலில் கிடத்திய நேரத்தில், ஒரு வழியாகக் கதவு திறந்தது. கார்ம்ட்டின் தோளில் சாய்ந்தபடி மென்னோ. கழுத்துவரை நனைந்திருந்தான், உதடு நீலம். தொட்டிலில் பிள்ளையைப் பார்த்தான். முழங்காலிட்டு ஹில்காவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஆலை நின்னுச்சு ஹில்கா. உச்சியைத் தாண்டி நின்னுச்சு. அங்க ஆலையே கிடையாதுங்கிறது எனக்கு ஞாபகமே வரல. நீ போயிட்டன்னுதான்..." மூச்சு வாங்கினான். "தண்ணிக்குள்ள ஒருத்தன் என் கையப் பிடிச்சுக்கிட்டான். நீ வீட்டுக்குப் போய் என்னத்தக் காணப்போறன்னான். அப்பதான் கார்ம்ட் அண்ணன் கத்துனது கேட்டுச்சு. அவனுக்கும் கேட்டுச்சு. உடனே கைய விட்டுட்டான்."

"அப்புறம்?"

"பொறந்திருக்கா, பொறந்திருக்கான்னு கேட்டான். அழுதான்."

ஹில்கா அவன் தலையைத் தடவினாள். உயிரோடு வந்துவிட்டான், அது போதும். சுவரைப் பார்த்தாள். நிழல் இல்லை.

ஃப்ராவ்காதான் தரையைப் பார்த்தாள்.

வாசலிலிருந்து மென்னோவின் ஈரக் காலடிகள் கட்டிலுக்கு வந்திருந்தன, பக்கத்தில் கார்ம்ட்டின் சேற்றுப் பூட்ஸ் தடம். அவற்றுக்கு அருகில் இன்னொரு ஜோடி. மரச்செருப்பின் அகலமான தடம். அது கட்டிலுக்கு வரவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போயிருந்தது.

திரும்பிய தடம் இல்லை.

ஹில்கா எழ முயன்றாள், முடியவில்லை. தொட்டிலைப் பார்த்து மரியாதையாகவே சொன்னாள். "இது உங்க புள்ள இல்லீங்க."

பிள்ளை கண் விழித்து, தனக்கு மேலே எதையோ உற்றுப் பார்த்தது. தொட்டிலின் காலடியில் கால்வாய்த் தண்ணீர் மெல்ல மெல்லப் பெருகிக்கொண்டிருந்தது.