வெற்றுக் குப்பி

வெற்றுக் குப்பி மூச்சு விட்டிருந்தது. அவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆற்று நீரைச் சோதிக்கப் போகிறவர்கள் காய்ச்சி வடித்த சுத்த நீர் நிரம்பிய ஒரு குப்பியையும் கூடவே தூக்கிப் போவார்கள்; அதைத்தான் வெற்றுக் குப்பி என்பார்கள். கரையில் ஒரு கணம் திறந்து, மூடி, ஆற்று நீர்க் குப்பிகளோடு அதையும் ஐந்து நாள் இருட்டுப் பெட்டியில் வைப்பார்கள். ஆற்று நீரில் அழுக்கைத் தின்னும் கிருமிகள் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும். வெற்றுக் குப்பியில் குடிக்க யாருமில்லை. அளவு அப்படியே நிற்க வேண்டும்.

அவன் குப்பியில் ஆக்சிஜன் பாதிக்கு மேல் காணவில்லை.

ஜீப் ஓட்டுநருக்குப் போன் செய்தான்.

"அதை எங்க வச்சு சார் தொறந்தீங்க?"

"சாயக் கழிவு விழுற எடத்துல."

"அங்க கொசுகூட முட்டை போடாது. உங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா?"

அவன் போனை வைத்தான். போன மழைக்காலத்தில் அதே இடத்தில் சோதனைக்கு நீர் எடுக்கக் குனிந்த அவன் மனைவி வழுக்கி விழுந்தாள். வெகு கீழே, அணைக்கட்டு மதகில்தான் கிடைத்தாள்.

கெட்டுப்போன வெற்றுக் குப்பியைக் கொட்டிவிட வேண்டும். அவன் கொட்டவில்லை. மூடியைத் தூக்கினான், தண்ணீருக்குக் காற்றுக் காட்டினான், மூடினான். மறுநாள் அதுவும் தீர்ந்திருந்தது. மீண்டும் காட்டினான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போவது பழக்கமாயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் ஒன்று அவனுக்காகக் காத்திருந்தது.

ஆய்வகத்தில் மின்சாரம் நிலையில்லாததால் இங்கே வந்த அந்த இருட்டுப் பெட்டி, பின்னறையில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அதன் கதவிடுக்கில் ஈரம் கோத்து, சொட்டி, தரையில் நீலம் பாய்ந்த ஒரு கறையாக விரிந்தது. துருவும் புளித்த சாயமும் கலந்த வாடை துவைத்துக் காயப்போட்ட துணிகளிலும், தலையணையிலும், மகளின் பள்ளிப் பையிலும் ஏறிக்கொண்டது.

"அப்பா, அந்த ரூம்ல யாரு மூச்சு வாங்குறாங்க?"

"மோட்டார்டா கண்ணு."

"நான் பேசினா மோட்டார் நிறுத்திட்டுக் கேக்குமா?"

அவன் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். சீப்பு பாதியில் நின்றது.

"போய்ப் படி."

"அதுக்கு என் பேரு தெரியும்ப்பா."

மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளியிலிருந்து வந்த களைப்பில் மகள் தூங்கிவிட்டாள். ஆக்சிஜனை அளக்கும் மீட்டரின் முனையைக் குப்பிக்குள் விட்டான். ஆக்சிஜன் முழுதாக இருந்தது. துளி குறையவில்லை.

மனைவி குப்பியை விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தான். நெஞ்சு லேசாகவில்லை, காலியாயிற்று.

பெட்டியின் முனகல் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

முனையை வெளியே எடுத்தான். வெறும் காற்றில் மீட்டர் நூறு சதவீதம் காட்ட வேண்டும். தொண்ணூறு. துடைத்துவிட்டுப் பார்த்தான். எண்பத்தெட்டு. மீட்டர்தான் கோளாறு என்று கூடத்துக்கு நடந்தான். எழுபது. சமையலறைப் பக்கம் திரும்பினால் ஏறியது. மகளின் அறைப் பக்கம் இறங்கியது.

ஐம்பது.

கதவு சாத்தியிருந்தது. அடியிடுக்கில் ஈரம். நீலம்.

நாற்பது.

காய்ச்சி வடித்த நீருக்குள் புகுந்தது எதுவோ, அது காற்றே இல்லாத இடத்திலிருந்து வந்தது. அவன்தான் அதற்கு நாள்தோறும் ஊட்டினான். மனைவி என்று நினைத்து. அவளாக இருந்தால் பெற்ற மகளின் மூச்சைக் குடிக்க இந்தக் கதவைத் தாண்டுவாளா?

தள்ளினான்.

மகள் ஜன்னலை ஒட்டிய கட்டிலில், கண்ணாடிக்கு முகம் காட்டிப் படுத்திருந்தாள். அசைவில்லை. கூப்பிட வாயைத் திறந்தான். காற்று போதவில்லை. முழங்கால் மடிந்தது. கட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை எழவில்லை.

மழையில் குளிர்ந்த கண்ணாடியில் மகளின் மூச்சு ஒரு சின்ன வட்டமாகப் படிந்து மறைந்தது.

பக்கத்தில் இன்னொரு வட்டம். பெரியது.

அங்கே யாருமில்லை.

சின்னது படிந்தது. பெரியது படிந்தது. சின்னது, முன்னைவிடச் சின்னதாக. பெரியது, முன்னைவிடப் பெரிதாக.

பிறகு பெரியது மட்டும்.